நான் எழுதிய மறையீட்டை நண்பர்களால் உடைக்க முடியவில்லை. பிறகு ஏன் "சொந்தமாக எழுதாதே" என்கிறார்கள்?

#1 தும்பி

கணினிப் பாதுகாப்பு, இரண்டாம் ஆண்டு. இந்த செமஸ்டரில்தான் கிரிப்டோகிராஃபி தொடங்கியிருக்கிறது. முதல் வகுப்பிலேயே "சொந்தமாக அல்காரிதம் எழுதாதீர்கள்" என்று சொல்லிவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் "போகப் போகப் புரியும்" என்கிறார்கள். எனக்கு அதுவரை பொறுமை இல்லை. வார விடுமுறையில் உட்கார்ந்து ஒன்று எழுதிவிட்டேன்.

சில ரகசிய எண்களைச் சாவியாக வைத்துக்கொள்கிறது. செய்தியின் ஒவ்வொரு பைட்டையும் வரிசையாக அந்த எண்களோடு எக்ஸார் செய்கிறது (பிட் பிட்டாக ஒப்பிட்டு, வேறாக இருந்தால் 1, ஒன்றாக இருந்தால் 0; குறி ⊕). சாவி தீர்ந்தால் மறுபடி முதல் எண்ணிலிருந்து தொடங்கும். அறை நண்பர்கள் மூன்று பேர் இரண்டு நாள் முயன்று விட்டுவிட்டார்கள்.

கீழே இருப்பது ஒரே ஒரு தமிழ்ச் சொல், யூடிஎஃப்-8 (எழுத்துகளைக் கணினி பைட்டுகளாக எழுதும் முறை) இல்:

197 103 240 238 12 167 41 244 145 67 138 68 186 160 60 197 102 219

சாவி எவ்வளவு நீளம் என்றுகூடச் சொல்ல மாட்டேன். உடைக்க முடிந்தால் உடையுங்கள். முடியாவிட்டால், இதில் என்னதான் குறை என்று சொல்லுங்கள்.

#2 நள்ளிரவு நிரலர்

பேஸ்64 (பைட்டுகளை வேறு எழுத்துகளாக எழுதும், சாவியே இல்லாத முறை) இல் மாற்றிவிட்டு "குறியாக்கம் செய்தாகிவிட்டது" என்று சொல்பவர்களை வேலையில் தினம் பார்க்கிறேன். அந்தக் கணக்கில் நீ எவ்வளவோ மேல். பழைய சர்வர் வரட்டும், இது அவருடைய விளையாட்டு.

#3 பழைய சர்வர்

பூட்டு.

சாவி 37, 201, 90, 14, 163. காகிதமும் பென்சிலும்தான், பத்து நிமிடம் ஆயிற்று.

#4 தும்பி

எப்படி அண்ணா?? ஐந்து எண் என்றுகூட நான் சொல்லவில்லையே!

#5 பழைய சர்வர்

யூடிஎஃப்-8 இல் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது பைட் 174 அல்லது 175, வேறு எதுவும் வராது. இன்ன எழுத்து என்று பெரும்பாலும் சொல்வது மூன்றாவது பைட்தான். "பூ" நம் கண்ணுக்கு ஓர் எழுத்து. கணினிக்கு அது பகரமும் ஊகாரக் குறியுமாக இரண்டு, ஆக ஆறு பைட்.

நீ கொடுத்தது 18 பைட். "தமிழ்ச் சொல்" என்று நீயே சொல்லிவிட்டாய். எனவே 1, 4, 7, 10, 13, 16 ஆகிய ஆறு இடங்களிலும் உள்ளே இருப்பது 224 என்பது பூட்டைத் தொடாமலே தெரிந்துவிட்டது.

இப்போது உன் எண்களைப் பார். முதல் இடத்தில் 197. 16ஆம் இடத்திலும் 197. இரண்டிலும் உள்ளே 224, வெளியே வந்ததும் ஒரே எண். அப்படியானால் இரண்டு இடத்திலும் ஒரே சாவி எண்தான் விழுந்திருக்கிறது. இடைவெளி 15. சாவியின் நீளம் 15ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்ணாக இருக்க வேண்டும் என்று ஊகித்தேன்: 1, 3, 5, 15. ஒன்றோ மூன்றோ என்றால் அந்த ஆறு இடங்களிலும் ஒரே எண் வந்திருக்கும். வரவில்லை. சரி, 5 என்று வைத்துப் பார்ப்போம்.

எக்ஸாரில் ஒரு வசதி உண்டு. செய்தியையும் சாவியையும் எக்ஸார் செய்தால் மறைபொருள் வருகிறது. மறைபொருளையும் செய்தியையும் எக்ஸார் செய்தால் சாவி வந்து நிற்கும்.

1ஆம் இடம்: 197 ⊕ 224 = 37. சாவியின் முதல் எண்.
4ஆம் இடம்: 238 ⊕ 224 = 14. நான்காவது எண்.
7ஆம் இடம்: 41 ⊕ 224 = 201. ஏழில் ஐந்து போக இரண்டு, ஆக இரண்டாவது எண்.
10ஆம் இடம்: 67 ⊕ 224 = 163. ஐந்தாவது.
13ஆம் இடம்: 186 ⊕ 224 = 90. மூன்றாவது.

மொத்தச் சாவியும் கைக்கு வந்துவிட்டது. மூன்றுக்கும் ஐந்துக்கும் பொது வகுஎண் இல்லாததால், அந்த 224 சாவியின் எல்லா எண்களையும் ஒரு சுற்று தொட்டுவிட்டு வருகிறது. சரிதானா என்று பார்க்க 2ஆம் இடம்: 103 ⊕ 201 = 174. 5ஆம் இடம்: 12 ⊕ 163 = 175. இரண்டும் இருக்க வேண்டியபடியே இருக்கின்றன. அப்புறம் ஒவ்வொரு மூன்றாவது பைட்டையும் படித்தேன்: ப, ஊகாரக் குறி, ட, புள்ளி, ட, உகாரக் குறி.

உன் நண்பர்கள் சாவியைத் தேடியிருப்பார்கள். நான் தேடவே இல்லை. செய்தியில் எனக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் தேடினேன்.

#6 தும்பி

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் ஒரு வாதம் இருக்கிறது. எக்ஸார் என்று நான் சொல்லாமல் இருந்திருந்தால்?

#7 பகா எண்

அந்த வாதத்துக்கு 140 வயதுக்கு மேல் ஆகிறது. 1883இல் ஆகுஸ்த் கெர்க்காஃப்ஸ் என்பவர் ராணுவ மறையீடுகளைப் பற்றி எழுதியபோது வைத்த நிபந்தனைகளில் ஒன்று: முறை எதிரியின் கையில் சிக்கினாலும் தொல்லை வரக்கூடாது. ரகசியமாக இருக்க வேண்டியது சாவி மட்டும். தகவல் கோட்பாட்டை உருவாக்கிய கணிதவியலாளர் ஷானன் இதையே இன்னும் சுருக்கி, எதிரிக்கு முறை தெரியும் என்று வைத்துக்கொண்டே தொடங்கு என்றார்.

இது ஒழுக்கப் பாடம் இல்லை, நடைமுறைக் கணக்கு. சாவி வெளியே போனால் மாற்றிவிடலாம், ஒரு நிமிட வேலை. முறை வெளியே போனால்? அதைப் பயன்படுத்துகிற எல்லா மென்பொருளையும் மாற்ற வேண்டும். அதுவும் நிரல் பயனரின் கணினியிலேயே கிடக்கும்போது முறையை எத்தனை நாள் மறைத்துவிட முடியும்?

இன்னொன்றையும் கவனி. ஐந்து பைட் சாவி என்றால் 2இன் 40ஆம் அடுக்கு, அதாவது ஒரு லட்சம் கோடிக்கு மேல் சாவிகள். பழைய சர்வர் அதில் ஒன்றைக்கூட முயன்று பார்க்கவில்லை. "சாவிகள் ஏராளம்" என்பது தேவைதான், ஆனால் அது மட்டும் போதாது. 26 ஆங்கில எழுத்துகளையும் இஷ்டத்துக்கு இடம் மாற்றிப்போடும் மறையீட்டுக்குச் சாவிகள் 4க்குப் பின் 26 பூச்சியம் அளவுக்கு உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே அரபு அறிஞர் அல்-கிந்தி அந்த வகையை எழுத்துகளின் வருகையை எண்ணியே உடைப்பது எப்படி என்று எழுதிவைத்துவிட்டார்.

#8 தும்பி

சரி, ஒப்புக்கொள்கிறேன். சாவி திரும்பத் திரும்ப வந்ததால்தானே பிரச்சினை? சாவியைச் செய்தியின் நீளத்துக்கே வைத்துவிட்டால்?

#9 பகா எண்

அப்போது யாராலும் உடைக்க முடியாது. எவ்வளவு பெரிய கணினி வந்தாலும் முடியாது. இதை ஷானன் 1949இல் வெளிவந்த கட்டுரையில் நிறுவியே காட்டியிருக்கிறார். பெயர் ஒருமுறைத் தாள். நிபந்தனை மூன்று: சாவி செய்தி அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும், உண்மையிலேயே தற்செயலான எண்களாக இருக்க வேண்டும், ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது.

காரணம் எளிது. 18 பைட் மறைபொருளை வைத்துக்கொண்டு "பூட்டு" என்று வருமாறும் ஒரு சாவி சொல்லலாம், அதே நீளமுள்ள வேறு எந்தச் சொல் வருமாறும் ஒரு சாவி சொல்லலாம். எல்லாச் சாவிக்கும் சம வாய்ப்பு. எதை நம்புவது?

மூன்றாவது நிபந்தனையில்தான் ஆட்கள் வழுக்கி விழுவார்கள். சோவியத் உளவுத்துறைக்காக அச்சிட்ட சாவித் தாள்களில் சில, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இரட்டைப் பிரதியாகிவிட்டன. அமெரிக்கர்கள் அந்த ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டு பல ஆண்டுகள் உட்கார்ந்து செய்திகளில் ஒரு பகுதியைப் படித்துவிட்டார்கள். வெனோனா என்று தேடினால் கிடைக்கும்.

ஒரே சாவியில் இரண்டு செய்திகள் போனால், இரண்டு மறைபொருளையும் எக்ஸார் செய்தவுடன் சாவி தன்னைத்தானே அடித்துக்கொண்டு மறைந்துவிடும். மிச்சம் இருப்பது செய்தி ⊕ செய்தி. இரண்டும் தமிழாக இருந்தால், இடைவெளி வந்து வரிசை கலையும்வரை மூன்றுக்கு ஒரு பைட் பூச்சியமாக வந்து விழும். அதைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும், யாரோ சாவியை இரண்டாம் முறை எடுத்திருக்கிறார்கள் என்று.

#10 நள்ளிரவு நிரலர்

செய்தி அளவுக்குச் சாவியை ரகசியமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வழியிருந்தால், அதே வழியில் செய்தியையே கொண்டுபோய்விடலாமே. அதனால்தான் அன்றாட வேலைக்கு ஏஇஎஸ் என்ற மறையீடு. பெல்ஜியத்தைச் சேர்ந்த இருவர் வடிவமைத்து, உலகமே கூடி வருடக்கணக்கில் தாக்கிப் பார்த்து, 2001இல் தரமாக அறிவிக்கப்பட்டது. 16 பைட் எடுக்கும், 128 அல்லது 192 அல்லது 256 பிட் சாவியோடு பத்து, பன்னிரண்டு, பதினான்கு சுற்றுகள் கலக்கும், 16 பைட் தரும். அதற்கு முன்பிருந்த டிஇஎஸ்ஸின் சாவி 56 பிட்தான். 1998இல் அதற்கென்றே ஓர் இயந்திரம் கட்டி 56 மணி நேரத்தில் சாவியைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள்.

தம்பி, தயாராக இருக்கும் மறையீட்டு நிரல் நூலகத்தை இறக்கு, ஏஇஎஸ்ஸைக் கூப்பிடு, முடிந்தது.

#11 பழைய சர்வர்

"முடிந்தது" என்பதை மட்டும் நான் மறுக்கிறேன். ஏஇஎஸ் 16 பைட்டுக்குத்தான் விடை சொல்கிறது. செய்தி அதைவிட நீளம் என்றால்? துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பூட்டுவது முதலில் தோன்றும் யோசனை. ஈசிபி என்பது அதுதான். ஒரே துண்டு இரண்டு இடத்தில் வந்தால் மறைபொருளிலும் ஒரே மாதிரி வரும். லினக்ஸ் பென்குயின் படத்தை ஈசிபியில் பூட்டிய பிறகும் பென்குயின் தெரிகிற படத்தை எல்லாப் பாடத்திலும் போட்டிருப்பார்கள்.

ஆனால் எனக்குப் பென்குயினைவிட 2013இல் அடோபி நிறுவனத்திலிருந்து கசிந்த பட்டியல்தான் நினைவுக்கு வரும். கோடிக்கணக்கான கணக்குகள். கடவுச்சொற்களை டிரிபிள் டிஇஎஸ்ஸில் (டிஇஎஸ்ஸையே மூன்று முறை ஓட்டுவது) பூட்டியிருந்தார்கள், ஈசிபி முறையில், எல்லோருக்கும் ஒரே சாவி. பக்கத்திலேயே "மறந்தால் நினைவூட்ட" என்று பயனர்கள் எழுதிய குறிப்புகள், அவை பூட்டாமலே. ஒரே கடவுச்சொல் வைத்திருந்தவர்களின் வரிகள் எல்லாம் ஒரே மாதிரி. ஒருவர் எழுதிய குறிப்பு புரியாவிட்டால் அடுத்தவர் எழுதியதைப் பார்க்கலாம். குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி ஆகிவிட்டது. அந்தச் சாவி வெளியே வரவே இல்லை, தேவைப்படவும் இல்லை.

#12 மௌன வாசகி

நீண்ட நாளாகப் படித்துக்கொண்டிருப்பவள், முதல் பதிவு. கடவுச்சொல் பேச்சு வந்ததால் கேட்கிறேன். எங்கள் பாடத்தில் "எம்டி5 மூலம் குறியாக்கம் செய்து சேமி" என்று இருக்கிறது. இணையத்தில் "எம்டி5 டீகிரிப்ட்" என்று தளங்களும் இருக்கின்றன. அப்படியானால் எம்டி5 என்பது குறியாக்கம்தானே?

#13 பழைய சர்வர்

வாருங்கள். இல்லை. எம்டி5 ஒரு ஹேஷ், அதாவது எந்தத் தரவையும் குறித்த நீளமுள்ள ஓர் எண்ணாகச் சுருக்குவது. ஹேஷ் குறியாக்கம் ஆகாது. குறியாக்கத்துக்குச் சாவி உண்டு, சாவி இருந்தால் திரும்ப வரலாம். ஹேஷுக்குச் சாவியும் இல்லை, திரும்பும் வழியும் இல்லை. ஒரு எழுத்தைக் கொடுத்தாலும் ஒரு முழு நூலகத்தைக் கொடுத்தாலும் எஸ்எச்ஏ-256 என்ற ஹேஷ் தருவது 256 பிட்தான். ஒரு நூலகத்தை 256 பிட்டிலிருந்து எப்படித் திரும்ப எடுப்பது?

அந்தத் தளங்கள் எதையும் திறப்பதில்லை. லட்சக்கணக்கான கடவுச்சொற்களுக்கு முன்கூட்டியே ஹேஷ் கணக்கிட்டு வைத்திருக்கின்றன. நீங்கள் கொடுத்ததைப் பட்டியலில் தேடிப் பார்க்கின்றன. அவ்வளவுதான்.

அதைத் தடுக்கத்தான் சால்ட்: ஒவ்வொரு பயனருக்கும் ஒரு தனித் தற்செயல் எண்ணைச் சேர்த்து ஹேஷ் செய்வது. சால்ட் ரகசியமாக இருக்கத் தேவையில்லை, ஆளுக்கு ஆள் வேறாக இருந்தால் போதும். முன்பே போட்டுவைத்த பட்டியல் வீணாகிவிடும். ஆனால் அதுவும் பாதிதான். எம்டி5, எஸ்எச்ஏ-256 எல்லாம் வேகமாக ஓட வேண்டும் என்றே செய்தவை. திருடியவர் கையில் அந்த வேகம் நமக்கு எதிரி. கடவுச்சொல்லுக்கு வேண்டியது வேண்டுமென்றே மெதுவாக ஓடுவது: 1999இல் வந்த பிகிரிப்ட், அல்லது 2015 போட்டியில் வென்ற ஆர்கான்2.

எம்டி5இல் ஒரே ஹேஷ் தரும் இரண்டு வேறு கோப்புகளை 2004லேயே காட்டிவிட்டார்கள். எஸ்எச்ஏ-1க்கு 2017இல் அந்த கதி. உங்கள் பாடப்புத்தகத்தின் அந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

#14 தும்பி

ஈசிபியை விட்டுவிட்டு சிடிஆர் முறைக்கு வந்துவிட்டேன். ஒவ்வொன்றாக ஏறும் எண்ணிக்கையை ஏஇஎஸ்ஸால் பூட்டி வருகிற பைட்டுகளைச் சாவி ஓடையாக வைத்து செய்தியோடு எக்ஸார். சுற்றிச் சுற்றி என் பழைய யோசனைதான், ஆனால் ஓடை திரும்பி வருவதில்லை. பெருமையாக இருக்கிறது. இதில் என்ன தப்பு இருக்க முடியும்?

#15 பழைய சர்வர்

படிக்க முடியாது, உண்மைதான். ஆனால் படிக்காமலே மாற்றலாம்.

"மதிப்பெண் 15" என்று ஒரு செய்தி அனுப்புகிறாய் என்று வை. 1 என்ற இலக்கத்தின் பைட் 49, இரும எண்ணில் 00110001. 9 என்ற இலக்கம் 57, அதாவது 00111001. இரண்டுக்கும் வேறுபாடு ஒரே ஒரு பிட், மதிப்பு 8.

அந்த 1 இருந்த இடத்தில் மறைபொருளில் 203 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் இருக்கும் நான் 203 ⊕ 8 = 195 என்று மாற்றி அனுப்புகிறேன். எனக்குச் சாவி தெரியாது, ஓடையில் அந்த இடத்தில் 250 இருக்கிறது என்பதும் தெரியாது. வாங்குபவர் திறக்கிறார்: 195 ⊕ 250 = 57. "மதிப்பெண் 95". அழகாகத் திறந்துவிட்டது, எந்தப் பிழைச் செய்தியும் இல்லை.

குறியாக்கம் ரகசியத்தைத்தான் காக்கும். செய்தி மாறவில்லை என்பதற்கு அது பொறுப்பேற்காது. அதற்கு வேறொரு முத்திரை வேண்டும்: செய்தியோடும் ரகசியச் சாவியோடும் கணக்கிட்டுக் கடைசியில் ஒட்டும் எச்மேக் மாதிரி ஒன்று. அல்லது இரண்டையும் சேர்த்தே செய்கிற ஏஇஎஸ்-ஜிசிஎம், சாசா20-பாலி1305. ஒரு பிட் மாறினாலும் திறக்கவே மறுத்துவிடும். நூலகத்தில் தேடும்போது "அங்கீகரிக்கப்பட்ட குறியாக்கம்" என்ற வகையைத் தேடு.

#16 நள்ளிரவு நிரலர்

ஜிசிஎம் என்றதும் என் பழைய காயம் ஒன்று வலிக்கிறது. நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் சிறிய சாதனங்கள் ஜிசிஎம்மில் தகவல் அனுப்பின. ஒவ்வொரு செய்திக்கும் நான்ஸ் என்று ஒரு எண் வேண்டும், ஒரே சாவியோடு அது இரண்டாம் முறை வரவே கூடாது. நான்தான் எழுதினேன்: 0, 1, 2 என்று எண்ணிக்கொண்டே போகும். சோதனை எல்லாம் பச்சை. எண்ணிக்கையை நினைவகத்தில்தான் வைத்திருந்தேன் என்பது யாருக்கும் உறைக்கவில்லை, எனக்கும்தான். மின்சாரம் போய் வந்தால் மறுபடி 0. சாவியோ மாறாதது.

பகா எண் சொன்ன அந்தச் சோவியத் தாள்கள் கதையேதான், வேறு உடுப்பில். அதிலும் ஜிசிஎம்மில் நான்ஸ் திரும்பினால் ரகசியம் மட்டும் போகாது, முத்திரையைப் போலியாகப் போடவும் வழி பிறந்துவிடும். நல்லவேளை, வெளியே போவதற்குள் ஒருவர் நிரலைப் படித்துப் பிடித்துவிட்டார்.

#17 தும்பி

இது எழுதிவைக்க வேண்டிய கதை. சரி, இப்போது அடிப்படையான சந்தேகம். சாவியை எதிர்முனைக்கு எப்படிக் கொடுப்பது? ஒட்டுக்கேட்பவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது?

#18 பகா எண்

இதற்குத்தான் காத்திருந்தேன். 1976இல் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்டது. சின்ன எண்களில் செய்து காட்டுகிறேன், நீயும் கையால் போட்டுப் பார்.

எல்லோருக்கும் தெரிந்த எண்கள் இரண்டு: 17, 3. நான் மனதுக்குள் 6 என்று நினைக்கிறேன். 3இன் 6ஆம் அடுக்கு 729, அதை 17ஆல் வகுத்தால் மீதி 15. உனக்கு 15ஐ உரக்கச் சொல்கிறேன். நீ மனதுக்குள் 7 நினைக்கிறாய். 3இன் 7ஆம் அடுக்கு 2187, மீதி 11. நீ 11 என்று உரக்கச் சொல்கிறாய்.

நான் உன் 11ஐ என் 6ஆம் அடுக்குக்கு உயர்த்துகிறேன், மீதி 8. நீ என் 15ஐ உன் 7ஆம் அடுக்குக்கு உயர்த்துகிறாய், மீதி 8. நம் இருவருக்கும் 8 தெரியும். அது ஒருமுறைகூடக் காற்றில் போகவில்லை. ஒட்டுக்கேட்டவர் கையில் 17, 3, 15, 11. இவ்வளவு சிறிய எண்ணில் அவர் ஒவ்வொன்றாகப் போட்டுக் கண்டுபிடித்துவிடுவார். 17க்குப் பதில் அறுநூறுக்கு மேல் இலக்கமுள்ள பகா எண் என்றால், அடுக்கிலிருந்து பின்னோக்கிப் போக நடைமுறையில் வழியில்லை.

இதன் அடுத்த ஆண்டு ஆர்எஸ்ஏ வந்தது: பூட்ட எல்லோருக்கும் தெரிந்த பொதுச் சாவி, திறக்க ஒருவரிடம் மட்டும் இருக்கும் தனிச் சாவி. இதில் ஒரு வேடிக்கை: பிரிட்டிஷ் உளவு அமைப்பில் எல்லிஸ், காக்ஸ், வில்லியம்சன் மூவரும் இதையெல்லாம் அதற்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். 1997 வரை வெளியே சொல்லவில்லை.

#19 மௌன வாசகி

ஒரு நிமிடம். "15" என்று சொன்னது நீங்கள்தான் என்று தும்பிக்கு எப்படித் தெரியும்?

#20 பகா எண்

தெரியாது. முதல் பதிவு போட்டவர் கேட்கிற கேள்வியா இது!

நடுவில் ஒருவர் நின்று, என்னோடு தும்பியாகவும் தும்பியோடு நானாகவும் கணக்குப் போட்டுவிட்டால், இருவரும் அவரோடுதான் சாவி பகிர்ந்திருப்போம், ஒன்றும் தெரியாமல். அதனால்தான் டிஜிட்டல் கையொப்பம். தனிச் சாவியால் 15க்குக் கையொப்பமிடுகிறேன், பொதுச் சாவியால் நீங்கள் சரிபார்க்கிறீர்கள். அந்தப் பொதுச் சாவி என்னுடையதுதானா என்றால், அதற்குச் சான்றிதழ். சான்றிதழை நம்புவது ஏன் என்றால், உங்கள் உலாவிக்குள் ஏற்கெனவே நம்பகமானவர்களின் பட்டியல் இருக்கிறது. வலைத்தளம் திறக்கும்போது டிஎல்எஸ் (உலாவியும் தளமும் பூட்டிப் பேசும் முறை) செய்வது ஏறக்குறைய இதுதான்: டிஃபி-ஹெல்மன் வகைக் கணக்கில் சாவி, கையொப்பத்தில் அடையாளம், அப்புறம் ஏஇஎஸ்ஸோ சாசா20யோ.

ஒரு சின்னக் குறை சொல்லிவிடுகிறேன். "கையொப்பம் என்றால் தனிச் சாவியால் குறியாக்கம் செய்வது" என்று பல குறிப்புகளில் இருக்கும். ஆர்எஸ்ஏ கணக்கைப் பார்த்தால் அப்படித் தோன்றும். எண்கள் 55, 3, 27 என்று வையுங்கள் (55உம் 3உம் பொதுச் சாவி, 27 தனிச் சாவி). 7ஐ 3ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் 343, 55ஆல் வகுத்த மீதி 13. 13ஐ 27ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் மீதி மறுபடி 7. எந்தப் பக்கம் முதலில் போனாலும் திரும்பி வரும், அதனால் வந்த பழக்கம். ஆனால் நீள்வளையம் என்ற வளைகோட்டுக் கணிதத்தில் அமைந்த கையொப்பங்களில் குறியாக்கமே கிடையாது. ஆர்எஸ்ஏவிலும் இரண்டுக்கும் வேறு வேறு நிரப்புமுறைகள் (கணக்குக்கு முன் கூடுதல் பைட்டுகளைச் சேர்ப்பது). நிரப்பாமல் வெறும் கணக்கை வைத்து "ஆம்", "இல்லை" என்று அனுப்பினால், யார் வேண்டுமானாலும் பொதுச் சாவியால் இரண்டையும் பூட்டிப் பார்த்து எது பொருந்துகிறது என்று சொல்லிவிடுவார்கள்.

#21 நள்ளிரவு நிரலர்

குவாண்டம் கணினி வந்தால் இதெல்லாம் போய்விடும் என்கிறார்களே, அதையும் ஒரு வரி சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் யாராவது தனி இழை தொடங்குவார்கள்.

#22 பகா எண்

போதுமான அளவு பெரியது வந்தால் ஆர்எஸ்ஏ, டிஃபி-ஹெல்மன், நீள்வளையம் மூன்றும் போகும். கணிதவியலாளர் ஷோர் 1994லேயே வழி காட்டிவிட்டார். 256 பிட் ஏஇஎஸ் நிற்கும். மாற்றுகளுக்கு அமெரிக்கத் தர அமைப்பான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் முதல் மூன்று தரங்களை வெளியிட்டுவிட்டது. தேர்வுக்கு இது போதும்.

#23 தும்பி

இரண்டாம் முயற்சி. கெர்க்காஃப்ஸ் சொன்னபடி நிரலையும் சேர்த்தே இணைத்திருக்கிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. சொந்தக் கணக்கு எதுவும் இல்லை. நூலகத்தின் ஏஇஎஸ்-ஜிசிஎம், 256 பிட் சாவி, நான்ஸ் ஒவ்வொரு முறையும் புதிது. சாவியை நிரலே உருவாக்குகிறது: மொழியோடு வரும் ரேண்டம், தற்போதைய நேரம்தான் விதை (அது தொடங்கும் எண்). இந்த முறையும் ஒரே ஒரு தமிழ்ச் சொல்.

#24 பழைய சர்வர்

சாவி.

#25 தும்பி

சாவிக்கு என்ன?

#26 பழைய சர்வர்

அதுதான் உள்ளே இருக்கும் சொல். "சாவி".

256 பிட் என்று சொன்னாய். ஆனால் அந்த 256 பிட்டும் விதையிலிருந்துதான் முளைக்கிறது. விதை, நீ நிரலை ஓட்டிய விநாடி. பதிவு போட்ட நேரம் மேலேயே இருக்கிறது. அதற்கு முந்தைய ஒரு முழு நாளை எடுத்தாலும் 86,400 விநாடிகள். ஒவ்வொன்றையும் விதையாகப் போட்டு, சாவி செய்து, திறந்து பார்த்தேன். எது சரி என்று நான் ஊகிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. தவறான சாவி என்றால் உன் ஜிசிஎம் முத்திரையே "இல்லை" என்று சொல்லிவிடுகிறது. பதிவு போடுவதற்கு 11 நிமிடம் முன்பு ஓட்டியிருக்கிறாய்.

வருத்தப்படாதே. 2006 முதல் 2008 வரை டெபியன் லினக்ஸில் ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தின் இரண்டு வரிகளை நீக்கியதால், சாவிகள் வெறும் செயல் எண்ணை (ஓடும் நிரலுக்கு இயங்குதளம் தரும் எண்) பொறுத்தே உருவாகிக்கொண்டிருந்தன. ஒரு வகைக் கணினிக்கு, ஒரு சாவி நீளத்துக்கு, 32,768 சாவிகளுக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. கணக்கில் ஒரு குறையும் இல்லை, ஆர்எஸ்ஏ ஆர்எஸ்ஏவாகத்தான் இருந்தது.

விளையாட்டுக்கான ரேண்டம் வேறு, சாவிக்கான ரேண்டம் வேறு. இயங்குதளத்தைக் கேள், அதனிடம் இருக்கிறது.

#27 தும்பி

மாற்றிவிட்டேன். ஒரே ஒரு வரிதான். புதிய மறைபொருளும் புதிய நிரலும் இணைப்பில்.

#28 பழைய சர்வர்

பார்த்தேன். நேற்று இரவு முழுக்கப் பார்த்தேன் என்றே சொல்லலாம். மூன்று பைட் கணக்கு இங்கே உதவாது, நேரமும் உதவாது, பிட்டைத் தட்டினால் திறக்க மறுக்கிறது. எனக்கு வழி தெரியவில்லை.

#29 நள்ளிரவு நிரலர்

வாழ்த்துகள் தம்பி. ஒரே ஒரு கேள்வி: சாவியை எந்தக் கோப்பில் சேமிக்கிறாய்?

#30 தும்பி

...

அதே ஃபோல்டரில். இணைப்பில் அதுவும் சேர்ந்து வந்துவிட்டதா?

#31 பழைய சர்வர்

ஐயோ, அதைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.